மார்பக எம்.ஆர்.ஐ.: சாதாக் கட்டியையும் புற்றுக்கட்டியையும் பிரித்தறிவது எப்படி?

மார்பகத்தில் ஒளிந்திருக்கும் புற்றைக் கண்டுபிடிப்பதில் எம்.ஆர்.ஐ.யை விஞ்சிய படக்கருவி இன்று இல்லை எனலாம். ஆனால் கண்ணில் பட்டது புற்றுதானா, சாதாக் கட்டியா என்று தீர்மானிப்பது வேறு வேலை. அதில் இந்தக் கருவிக்கு அதே அளவு நற்பெயர் கிடைத்ததில்லை. 44 ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வு, புற்றுக்கட்டிகளில் 90 விழுக்காட்டை எம்.ஆர்.ஐ. சரியாகப் பிடித்ததாகவும், புற்றல்லாதவற்றில் 72 விழுக்காட்டை மட்டுமே சரியாக விலக்கியதாகவும் கணக்கிட்டது. அப்படியானால் புற்றில்லாத நூறு கட்டிகளில் 28 சந்தேகப் பட்டியலுக்குள் போய்விடுகின்றன. உண்மையான புற்று ஒன்றையும் நழுவவிடாமல் அந்த 28-ஐ எப்படிக் குறைப்பது என்பதே மார்பக எம்.ஆர்.ஐ. துறையினர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டி வரும் கேள்வி.

முதலில், கருவி எதைப் பார்க்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அது புற்று உயிரணுவைப் பார்ப்பதில்லை. இரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது. ஒரு புற்று ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமானால் அதற்கெனப் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்தாக வேண்டும் என்ற கருத்தை அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-இல் முன்வைத்தார். அவசரத்தில் முளைத்த அந்தக் குழாய்களின் சுவர்கள் ஒழுங்கற்றவை, கசிபவை. கையில் உள்ள சிரை வழியாகக் காடோலினியம் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தினால், அது இத்தகைய குழாய்கள் நிறைந்த இடத்துக்கு விரைவாக வந்து சேர்கிறது, சுவரைக் கடந்து திசுவுக்குள் கசிகிறது, அந்த இடம் படத்தில் வெண்மையாக ஒளிர்கிறது. மருந்து செலுத்தாமல் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தை மட்டும் வைத்து மார்பகப் புற்றைத் தேடிய தொடக்ககால முயற்சிகள் ஏமாற்றத்தில்தான் முடிந்தன. 1980-களில் ஜெர்மனியில் சில்வியா ஹேவாங், வெர்னர் கைசர் போன்றோர் காடோலினியத்தைப் பயன்படுத்திப் பார்த்த பிறகே இத்துறை உருப்பெற்றது.

பரிசோதனையின்போது பெண் குப்புறப் படுத்திருப்பார். மார்பகங்கள் இரண்டும் காயில் எனப்படும் சட்டத்தின் குழிகளுக்குள் தொங்கும். மருந்துக்கு முன் ஒரு தொகுதிப் படங்கள், மருந்து செலுத்திய பின் ஒன்று முதல் ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை என ஐந்தாறு நிமிடங்களுக்குத் தொடர் படங்கள். இந்தத் தொடரிலிருந்துதான் துறையின் புகழ்பெற்ற அளவுகோலான நேர-ஒளிர்வு வளைகோடு கிடைக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் அது விளங்கும். மருந்துக்கு முன் ஒரு கட்டியின் ஒளிர்வு அளவு 200 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் நிமிடத்துக்குள் அது 440-ஐத் தொடுகிறது. ஏற்றம் 120 விழுக்காடு. முதல் இரண்டு நிமிடங்களில் 50 விழுக்காட்டுக்குக் குறைவான ஏற்றம் மெதுவானது, 50 முதல் 100 வரை நடுத்தரம், 100-க்கு மேல் வேகமானது என்பது வழக்கில் உள்ள வரையறை. ஆகவே இது வேகமான ஏற்றம். ஆறாம் நிமிடத்தில் அதே இடம் 385-க்கு இறங்கியிருக்கிறது என்றால், உச்சத்திலிருந்து 12 விழுக்காட்டுக்கு மேல் சரிவு. பத்து விழுக்காட்டுக்கு மேல் சரிந்தால் அதற்கு வாஷ்-அவுட் என்று பெயர். அறிக்கையில் டைப் 3 என்று எழுதுவார்கள். வேறொரு கட்டி 200-இல் தொடங்கி, இரண்டாம் நிமிடத்தில் 280, ஆறாம் நிமிடத்தில் 360 என ஏறிக்கொண்டே போனால் அது டைப் 1. முதலில் ஏறி, பிறகு ஏறாமலும் இறங்காமலும் நின்றால் டைப் 2. மருந்து வேகமாக உள்ளே வந்து, விரைவிலேயே வெளியேறவும் தொடங்குகிறது என்பதையே டைப் 3 காட்டுகிறது. கசியும் குழாய்களும், தமனியிலிருந்து சிரைக்குப் போகும் குறுக்குவழிகளும் நிறைந்த இடத்தில்தான் அப்படி நடக்க வாய்ப்பு அதிகம்.

இந்த மூன்று வகைகளுக்கும் எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதை ஜெர்மனியின் பான் நகரில் கிறிஸ்டியானே கூலும் சகாக்களும் 266 கட்டிகளில் சோதித்து 1999-இல் வெளியிட்டார்கள். அவற்றில் 101 புற்று, 165 சாதாரணம். புற்றுக்கட்டிகளில் 57.4 விழுக்காடு டைப் 3, 33.6 விழுக்காடு டைப் 2, 8.9 விழுக்காடு டைப் 1. சாதாக் கட்டிகளில் 83 விழுக்காடு டைப் 1. டைப் 3 காட்டியவை 5.5 விழுக்காடு மட்டுமே. அதே ஆய்வில், எவ்வளவு வேகமாக ஒளிர்கிறது என்பதை மட்டும் வைத்துப் பிரித்தபோது சாதாக் கட்டிகளில் 37 விழுக்காட்டையே சரியாக விலக்க முடிந்தது. வளைகோட்டின் வடிவத்தையும் பார்த்தபோது அது 83 விழுக்காடாக உயர்ந்தது. இந்த முடிவுகளுக்குப் பிறகு உலகெங்கும் எம்.ஆர்.ஐ. அறிக்கைகளில் வளைகோடு கட்டாயப் பகுதியாகிவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே ஆகிவிட்டது என்பது என் கருத்து. கணினி தானே வண்ணம் பூசிக் கொடுக்கும் மென்பொருட்கள் வந்த பிறகு, கட்டிக்குள் வாஷ்-அவுட்டைக் குறிக்கும் சிவப்பு தெரிந்தாலே புற்று என்று படிக்கும் பழக்கம் சில இடங்களில் ஊறிவிட்டது.

அந்தப் பழக்கத்துக்கு உடனடி மறுப்பு ஒன்று மார்பகத்துக்குள்ளேயே இருக்கிறது. மார்பகத் திசுவுக்குள் சில சமயம் அமைந்திருக்கும் சின்னஞ்சிறு நிணநீர்க் கணு, கிட்டத்தட்ட எப்போதும் வேகமாக ஒளிர்ந்து வேகமாக மங்கும். வளைகோட்டை மட்டும் பார்த்தால் அசல் புற்று. ஆனால் அவரை விதை போன்ற அதன் வடிவமும், நடுவில் தெரியும் கொழுப்பும் அது என்னவென்று காட்டிக்கொடுத்துவிடும். பால்நாளத்துக்குள் வளரும் பாப்பிலோமாவும் இப்படித்தான்: புற்றல்ல, ஆனாலும் வாஷ்-அவுட் காட்டும். எதிர்த்திசையிலும் ஏமாற்றுக்காரர்கள் உண்டு. லோபுலர் வகைப் புற்று கட்டியாகத் திரளாமல் திசுவுக்குள் வரிசை வரிசையாகப் பரவுவதால் அதற்குப் புதிய குழாய்கள் அதிகம் தேவைப்படுவதில்லை. மெதுவாக ஒளிர்ந்து டைப் 1 அல்லது டைப் 2 வளைகோட்டோடு நின்றுவிடக்கூடும். சளிப்பொருள் நிறைந்த மியூசினஸ் புற்றும் படிப்படியாகவே ஒளிர்கிறது.

ஆகவே அனுபவமுள்ள கதிரியல் மருத்துவர் வளைகோட்டுக்கு முன்பே உருவத்தைப் பார்க்கிறார். அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2003-இல் எம்.ஆர்.ஐ.க்கென வகுத்து, 2013-இல் திருத்திய பை-ராட்ஸ் சொற்தொகுதி இந்தப் பார்வையை ஒழுங்குபடுத்தியது. ஒளிரும் இடம் முப்பரிமாணக் கட்டியா, கட்டியாகத் திரளாத பரவலா, வகைப்படுத்த முடியாத சிறு புள்ளியா என்பது முதல் கேள்வி. கட்டி என்றால் அதன் விளிம்பு முக்கியம். முள்முள்ளாகச் சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு, வளைகோடு எதுவாக இருந்தாலும் திசுப் பரிசோதனையைக் கேட்கும் அடையாளம். வழவழப்பான, முட்டை வடிவ விளிம்பு பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா என்ற சாதாக் கட்டியைச் சுட்டும். கட்டிக்குள் ஒளிராத கருங்கோடுகள் தடுப்புச் சுவர்களைப் போல ஓடினால் அந்த ஊகம் வலுக்கிறது. ஆனால் இந்தத் தடுப்புகளைக் கண்டதும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது என்பதைப் பிற்கால அனுபவம் காட்டியிருக்கிறது. சில புற்றுகளிலும் அவை தெரிகின்றன.

வழவழப்பான விளிம்பு தரும் நிம்மதிக்கும் ஒரு முக்கிய விதிவிலக்கு உண்டு. பிஆர்சிஏ-1 மரபணுவில் பழுதுள்ள பெண்களுக்கு வரும் புற்றுகளும், ஹார்மோன் ஏற்பிகள் இரண்டும் மிகுந்த ஹெர்-2 புரதமும் இல்லாத டிரிபிள் நெகட்டிவ் வகைப் புற்றுகளும் பல வேளைகளில் உருண்டையாக, கூரிய எல்லையோடு இருக்கும். மேமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ்-ரே படத்திலும் அல்ட்ராசவுண்டிலும் சாதாக் கட்டியாகவே தோன்றக்கூடும். எம்.ஆர்.ஐ. இங்குதான் கைகொடுக்கிறது. நடுப்பகுதி அழுகியோ நார் பாய்ந்தோ போய், உயிருள்ள புற்றணுக்கள் ஓரத்தில் மட்டும் மிஞ்சியிருப்பதால், மருந்து செலுத்தியதும் கட்டியின் ஓரம் தடித்த வளையமாக ஒளிர்கிறது. வீக்கமடைந்த நீர்க்கட்டியும் கொழுப்பு நசிவும் வளையம் காட்டும் என்றாலும், முன்னதில் நடுவில் நீரும் பின்னதில் நடுவில் கொழுப்பும் இருப்பதை மற்ற படத்தொடர்கள் எளிதில் காட்டிவிடும். மரபுவழி ஆபத்துள்ள இளம்பெண்களில் உருண்டையான, வழவழப்பான கட்டி ஒன்று புதிதாகத் தோன்றினால், அதை ஃபைப்ரோஅடினோமா என்று சொல்லி ஆறு மாதம் காத்திருக்கச் செய்வது தவறான முடிவாகிவிடலாம்.

கட்டியாகத் திரளாத பரவலில் விளிம்பு என்ற ஒன்றே இல்லை. அது எந்தப் பாதையில் பரவியிருக்கிறது என்பதே அங்கு சாட்சி. பால்நாளத்தின் போக்கில் கோடாகவோ, முலைக்காம்பை நோக்கிக் குவியும் முக்கோணமாகவோ ஒளிர்ந்தால், புற்று நாளங்களுக்குள்ளேயே அடங்கியிருக்கும் டி.சி.ஐ.எஸ். நிலையை நினைக்க வேண்டும். சிறு வளையங்கள் கொத்தாகச் சேர்ந்த தோற்றமும் அப்படியே. இந்த நிலைக்கு வளைகோடு பெரும்பாலும் உதவாது. எம்.ஆர்.ஐ.க்கு டி.சி.ஐ.எஸ். தெரியாது என்று நெடுநாள் நிலவிய எண்ணத்தை கூல் குழுவின் 2007 ஆய்வு மாற்றியது: நாளத்துக்குள் மட்டும் இருந்த 167 புற்றுகளில் எம்.ஆர்.ஐ. 92 விழுக்காட்டைக் கண்டது, மேமோகிராம் 56 விழுக்காட்டை. இருந்தும், வீரியம் குறைந்த டி.சி.ஐ.எஸ். சிலவேளை ஒளிராமலே இருந்துவிடும். நுண்சுண்ணாம்புத் துகள்களை எம்.ஆர்.ஐ. காட்டுவதுமில்லை. மேமோகிராமில் சந்தேகத்துக்குரிய சுண்ணாம்புப் படிவு இருந்தால், எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக அதை விட்டுவிட முடியாது.

உருவத்துக்கும் வளைகோட்டுக்கும் அடுத்தபடியாக இரண்டு துணைச் சாட்சிகள் உண்டு. ஒன்று டி2 படம். நீர்ச்சத்து மிகுந்த இளம் ஃபைப்ரோஅடினோமா இதில் பளிச்சென்று தெரியும். பெரும்பாலான புற்றுகள் மங்கலாகவே இருக்கும். மியூசினஸ் புற்று மட்டும் இங்கும் பளிச்சிட்டு ஏமாற்றும். கட்டியைச் சுற்றி நீர் கோத்திருப்பது டி2-வில் தெரிந்தால் அது புற்றின் பக்கம் எடையைக் கூட்டும். மற்றொன்று டிஃப்யூஷன் படம். இதற்கு மருந்தே வேண்டாம். நெருக்கமாக அடுக்கப்பட்ட புற்றணுக்களுக்கிடையில் நீர் மூலக்கூறுகள் தாராளமாக அலைய முடியாது. அந்தத் தடையை ஏடிசி என்ற எண்ணாகக் கணக்கிடுகிறார்கள். எண் குறையக் குறைய ஐயம் கூடும். எம்.ஆர்.ஐ.யில் மட்டும் தெரிந்த சந்தேகக் கட்டிகளை வைத்து அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஒரு சோதனை 2019-இல் வெளிவந்தது. ஏடிசி ஓர் எல்லைக்கு மேல் இருந்தால் திசு எடுக்க வேண்டாம் என்று வைத்துக்கொண்டாலே, புற்று எதையும் தவறவிடாமல் திசுப் பரிசோதனைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றைத் தவிர்த்திருக்கலாம் என்று அது காட்டியது. ஆனால் கருவிக்குக் கருவி, அமைப்புக்கு அமைப்பு இந்த எண் மாறும் என்பதால், ஓர் ஆய்வில் வந்த எல்லை எண்ணை அப்படியே இன்னொரு ஸ்கேன் மையத்தில் பொருத்த முடியாது.

மேலைநாட்டுப் பாடநூல்களைப் படித்துப் பழகியவர்களை நம் ஊர்களில் அதிகம் தடுமாற வைப்பவை அழற்சி நோய்கள். குழந்தை பெற்றுச் சில ஆண்டுகளே ஆன இளம்பெண்களுக்கு வரும் கிரானுலோமா வகை மார்பக அழற்சியும், காசநோய் பரவலாக உள்ள நாடுகளில் அரிதாகவேனும் தலைகாட்டும் மார்பகக் காசநோயும், கையால் தொட்டுப் பார்க்கும்போதே புற்று என்ற எண்ணத்தைத் தருபவை. எம்.ஆர்.ஐ.யிலும் அவை வளைய வளையமாக ஒளிரும், பரவலாக ஒளிரும், தோல் தடிக்கும், அக்குளில் நெறி கட்டியிருக்கும். சீழ் கெட்டியானது என்பதால் அதற்குள்ளும் நீர் அலைய முடியாது. ஏடிசி தாழ்ந்து, டிஃப்யூஷன் படமும் புற்றின் பக்கமே சாயும். தாழ்ந்த ஏடிசி வளையத்தின் ஓரத்தில் இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா என்று பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும். புற்றில் அது உயிரணுக்கள் உள்ள ஓரத்தில், சீழ்க்கட்டியில் சீழ் உள்ள நடுவில். ஓரளவுதான். முடிவு சொல்வது திசுவும், காசநோய்க் கிருமிக்கான சோதனைகளுமே.

இத்தனை அடையாளங்களையும் ஒருவர் மனத்தில் எடைபோடும்போது ஆளுக்கு ஆள் முடிவு மாறுகிறது. அதைக் குறைக்க, ஜெர்மனியின் யேனாவில் திசு முடிவு தெரிந்த 1,084 கட்டிகளைக் கொண்டு பாஸ்கல் பால்ட்சரும் குழுவினரும் 2013-இல் ஒரு முடிவு-மரத்தை அமைத்தார்கள். வேர் போன்ற நீட்சிகள் உண்டா, வளைகோடு எந்த வகை, விளிம்பு எப்படி, உள்ளே ஒளிர்வு சீரானதா, நீர்க்கோப்பு உண்டா என்ற ஐந்து கேள்விகள். விடைகளுக்கேற்ப 1 முதல் 11 வரை மதிப்பெண். நான்கைத் தாண்டினால் திசு எடுக்க வேண்டும். முன்பு சொன்ன வெர்னர் கைசரின் பெயரால் இப்போது கைசர் ஸ்கோர் என்று வழங்குகிறது. அனுபவம் குறைந்தவரும் நிதானமாகக் கேள்வி கேட்டு முன்னேற அது வழிசெய்கிறது என்பதே அதன் பெரிய பயன்.

பரிசோதனை நாளைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். மாதவிடாய்ச் சுழற்சியின் இரண்டாம் பாதியில் சாதாரண மார்பகத் திசுவே ஹார்மோன்களால் ஒளிர்ந்து, சிறு கட்டிகளை மறைத்தோ இல்லாததை இருப்பதாகக் காட்டியோ குழப்பும். அவசரமில்லாத பரிசோதனையை இரண்டாம் வாரத்தில், அதாவது ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் எடுக்கச் சொல்வது இதனால்தான். புற்று உறுதியாகி அறுவைக்குக் காத்திருப்பவருக்கு இந்தக் கணக்குப் பார்ப்பதில்லை. பழைய படத்தோடு ஒப்பிடுவது இதைவிடவும் உதவும். மிக அடர்ந்த மார்பகத் திசு உள்ள பெண்களிடம் நெதர்லாந்தில் நடந்த டென்ஸ் என்ற பெரும் ஆய்வின் முதல் சுற்றில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 80 பேர் தேவையின்றி மறுபரிசோதனைக்கு அழைக்கப்பட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து நடந்த இரண்டாம் சுற்றில் அது ஏறத்தாழ 26 ஆகக் குறைந்தது. கருவி அதேதான், ஒப்பிட முந்தைய படம் கையில் இருந்தது.

இனி, அறிக்கையைக் கையில் வாங்கும் பெண்ணுக்கும் அவர் குடும்பத்துக்கும் மிகவும் தேவையான கணக்குக்கு வருவோம். பான் ஆய்வின் எண்களையே எடுத்துக்கொள்வோம். மேமோகிராமில் ஏற்கெனவே ஐயம் வலுத்த நூறு கட்டிகளில் 60 புற்று என்று வைத்தால், டைப் 1 வளைகோடு 33 சாதாக் கட்டிகளிலும் 5 புற்றுகளிலும் வரும். ஆக, 'நல்ல' வளைகோடு கிடைத்தவர்களிலும் ஏழெட்டில் ஒருவருக்குப் புற்று இருக்கும். மறுபுறம், எந்த ஐயமும் இல்லாத ஆயிரம் கட்டிகளில் 20 மட்டுமே புற்று என்றால், 'கெட்ட' வாஷ்-அவுட் காட்டும் 65 கட்டிகளில் 54 சாதாரணமானவை. வளைகோடு ஒன்றே, எங்கிருந்து தொடங்கினோம் என்பதைப் பொறுத்து அதன் பொருள் தலைகீழாகிறது.

இதிலிருந்து ஒரு நடைமுறை விளைவு உண்டு. மேமோகிராமோ அல்ட்ராசவுண்டோ ஐயத்தைக் கிளப்பிவிட்ட கட்டிக்கு, திசுப் பரிசோதனைக்குப் பதிலாக எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது பெரும்பாலும் பணத்தையும் நாட்களையும் வீணாக்குவது. ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்ற பயத்தில் பலர் இந்த வழியைத் தேடுகிறார்கள். ஊசியால் திசு எடுக்கும் கோர் பயாப்சி உலகெங்கும் தரப்படுத்தப்பட்ட முறையாக இருப்பது அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை என்பதால்தான். எம்.ஆர்.ஐ.க்கு உரிய இடங்கள் வேறு: மரபுவழி ஆபத்துள்ளவர்களின் ஆண்டுப் பரிசோதனை, மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் ஒன்றுக்கொன்று முரண்படும் நிலை, அக்குள் நெறியில் புற்று உறுதியாகியும் மார்பகத்தில் மூலம் தெரியாத நிலை, அறுவைக்கு முந்தைய மருந்துச் சிகிச்சைக்குக் கட்டி எப்படி இணங்குகிறது என்று பார்ப்பது.

எம்.ஆர்.ஐ.யில் மட்டும் தெரியும் ஐயத்துக்குரிய இடத்தை முதலில் அல்ட்ராசவுண்டில் மீண்டும் தேடுவார்கள்; அகப்பட்டால் அதன் வழியே திசு எடுப்பது எளிது, செலவும் குறைவு. அகப்படவில்லை என்பதால் அது இல்லை என்றாகிவிடாது, எம்.ஆர்.ஐ. கருவிக்குள்ளேயே ஊசியை வழிநடத்தி எடுக்க வேண்டும், அந்த வசதியுள்ள மையம் தேடிப் போக வேண்டியிருந்தாலும். திசு முடிவு சாதாரணம் என்று வந்த பிறகும் படத்தையும் முடிவையும் அருகருகே வைத்துப் பார்க்கும் கடமை ஒன்று மிச்சமிருக்கிறது. முள்முள்ளான விளிம்பும் வாஷ்-அவுட்டும் காட்டிய கட்டிக்கு 'சாதாரண மார்பகத் திசு' என்று முடிவு வந்தால், ஊசி சரியான இடத்தில் படவில்லை என்றே முதலில் கருத வேண்டும். அப்போது கதிரியல் மருத்துவரும் நோயியல் மருத்துவரும் பேசி, மீண்டும் திசு எடுப்பதா, அறுவை செய்து கட்டியையே எடுத்துப் பார்ப்பதா என்று முடிவு செய்கிறார்கள்.